காய்ச்சல் கண்ட பாட்டில்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற மிடுக்கோடு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் எம்.ஆர்.ஐ. அறைக்குப் போனபோது ஓர் அக்கா, நோயாளியைப் படுக்கவைப்பதுபோல ஒரு ஜெல் பாட்டிலை ஸ்கேனர் மேசையில் பதமாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டு, சாவி எல்லாம் வெளிய வச்சிட்டு வா தம்பி. காந்தம் உன் டிகிரியப் பாக்காது."

ஸ்கேனருக்குப் புரோகிராம் எழுதுபவர் அவர். 'பாட்டில் அக்கா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். படம் எடுக்கும் கட்டளைகளை ஒவ்வொரு கம்பெனியும் பூட்டி வைத்திருக்கும். ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. அக்காவோ எந்தக் கம்பெனி ஸ்கேனரிலும் ஓடும்படி ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டார்.

அதை நிரூபிக்க வேண்டும். நோயாளிக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் அந்த ஜெல் பாட்டிலை இரண்டு கம்பெனி ஸ்கேனரிலும் அளந்தால் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் இனிமேல் சோதனைக்கு ஸ்கேனர் கிடையாது என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஸ்கேனரில் அளந்தபின், அக்கா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் ஏறினார். நல்ல வெயில். அடுத்த ஸ்கேனர் இருந்த மருத்துவமனை நகரத்தின் மறுகோடியில்.

"பட்டப்பகல்லயே பாட்டிலா மேடம்?" என்றார் வாசல் காவலாளி.

"உள்ள போய்ப் படுக்கத்தான் அண்ணே. நான் இல்ல, இது."

எண் பொருந்தவில்லை. கூட இருந்த கம்பெனி இன்ஜினியர், "எங்க மெஷினுக்கு எங்க புரோகிராம்தான் சரிப்படும்னு அப்பவே சொன்னேனே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அக்கா பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்குக் காய்ச்சல் அடிக்குது தம்பி."

ஜெல் சூடானால் எண்ணும் ஏறும். புரோகிராமை வரிவரியாகச் சரிபார்த்தவர் வெயிலை மறந்திருந்தார்.

"தப்பு என்னோடது சார், புரோகிராமோடது இல்ல."

"அப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"நாம சூடா டீ குடிப்போம். அது ஆறட்டும்."

ஸ்கேனர் அறைக் குளிரில் பாட்டில் பழைய சூட்டுக்கு வந்தபின் மறுபடி அளந்தோம். எங்கள் ஸ்கேனரில் வந்த அதே எண்தான், வித்தியாசம் மயிரிழை. இன்ஜினியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க டவுன்லோட் பண்றது மேடம்?" என்று கேட்டார்.

அக்கா இன்றும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறார். இயக்குநர் வாராவாரம் ஸ்கேனர் நேரம் ஒதுக்கியிருக்கிறார். இப்போது அக்கா மூன்றாவது கம்பெனி ஸ்கேனருக்குப் புரோகிராமைப் பொருத்திக்கொண்டிருக்கிறார். பாட்டில், அவர் தன் மகளிடம் கெஞ்சி வாங்கிய சூடு புகாத டிபன் பையில், தெர்மாமீட்டரோடு போய்வருகிறது.