ரொபின்சன் தெரிந்தெடுத்த பாசிதின்னி

ரொபின்சனுக்குக் கோபம் வந்தால் கடல் இரண்டு முழம் பின்வாங்கும் என்பார்கள் பேசாலையில். மீன் ஏலத்தில் அவன் கொண்டுவந்த பாரையைப் பழசு என்று சொன்ன ஒருவனின் முன்பற்கள் அன்றைக்கே மணலுக்குள் போயின. விலக்குப்பிடிக்க வந்தவனுக்கு மூக்கு உடைந்தது. தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கும் காதைப் பொத்தி ஒன்று விழுந்தது, சும்மா கிடக்கட்டும் என்று.

இந்த மலை மண்ணாகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: மனைவி அகஸ்ரினா. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் புள்ளிக்காரி, செவப்பி, வெள்ளைச்சி என்று மூன்று கோல்ட் ஃபிஷ் வளர்த்தாள். நகத்தளவில் வந்தவை உள்ளங்கை அளவுக்குப் பெருத்திருந்தன. யன்னல் வெயில் பட்டுப் பட்டுத் தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பாசி படர்ந்தது. உள்ளே மீன் இருக்கிறதா, கீரைப்பாத்தி இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"பாசி தின்னுற மீன் விக்கிறாங்களாம். சாதுவானதாப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள். "என்ர பிள்ளையளுக்கு ஒண்டு நடந்துதெண்டா நீங்கள் கடற்கரை வாடியிலதான் படுக்கவேணும்."

"மீன் தெரிஞ்செடுக்க எனக்கே படிப்பிக்கிறாய்? நான் பிறக்கேக்க மருத்துவிச்சி செதில் சுரண்டிப்போட்டுத்தான் அம்மாட கையில குடுத்தவ."

மன்னார் ரவுனில் ஜுனைதீன் நானாவின் வளர்ப்புமீன் கடை. அவர் காட்டியது விரல் நுனியளவு குஞ்சுகளை. பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. கூட்டமாய் இலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"இது மீனோ நானா? தூண்டிலுக்கு இரையாக் கொழுவவும் காணாது!"

ரொபின்சனின் கண் அடுத்த தொட்டிக்குப் போனது. அங்கே விரல் நீளத்தில் ஒருவன், கூட இருந்த எல்லாவற்றின் வாலையும் கடித்துத் துரத்திவிட்டு முழுக் கண்ணாடிக்கும் சொந்தக்காரனாய் ஒட்டிக்கொண்டு நின்றான். கரையில் துள்ளுகிற மீனுக்குத்தான் மதிப்பு. சோர்ந்து கிடப்பது கருவாட்டுக்கு. அந்தக் கணக்கிலேயே பார்த்தான் ரொபின்சன்.

"வேலைக்காரன் எண்டா இவன்தான். இவனைப் பிடியுங்கோ."

"அது சண்டியன், ரொபின்சன். சின்னனில பாசி தின்னும். வளந்தா மற்ற மீனில ஏறி ஒட்டி உறிஞ்சும்."

"சண்டியன் எண்டாத்தானே நானா வேலை நடக்கும்!"

"அப்ப மற்ற மீனுகளை அல்லாஹ் காப்பாத்தட்டும்," என்று ஜுனைதீன் வலையைத் தொட்டிக்குள் விட்டார்.

முதல் கிழமை கண்ணாடி பளபளத்தது. ரொபின்சன் நெஞ்சை நிமிர்த்தியதில் சட்டைப் பொத்தான் தெறித்து அடுத்த வளவில் விழுந்தது. பாடுபடுகிறவன் வயிறு காயக்கூடாது என்று தினம் இறால் உரித்துப் போட்டான். மாதங்கள் போக அது கொழுத்து உருண்டது. இறால் ருசி கண்ட வாய் பாசியைத் திரும்பிப் பார்க்குமா?

ஒரு நாள் புள்ளிக்காரி செத்து மிதந்தாள். விலாப்பக்கம் தோலுரிந்து சிவந்திருந்தது. அடுத்த கிழமை செவப்பி, ஒரு கண் இல்லாமல். அகஸ்ரினா அழவில்லை. மீன் வெட்டுகிற கத்தியைக் கழுவிக்கொண்டே, "மிச்சம் வெள்ளைச்சி மட்டுந்தான்," என்றாள்.

மறுநாள் மத்தியானமே சண்டியன் வெள்ளைச்சியின் முதுகில் ஏறிவிட்டான். அவள் உதறினாள், சுவரில் மோதினாள். செதில்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அகஸ்ரினா போட்ட சத்தம் இராமேஸ்வரத்தில் கேட்டிருக்கும். ஓடிவந்த ரொபின்சன் தொட்டிக்குள் கையை விட்டான். வழுக்கியது. மறுபடி விட்டான். மறுபடியும் வழுக்கியது. வந்ததே கோபம்! சுறாவின் தலையில் அடிக்கிற கட்டையைத் தூக்கி ஓங்கினான். நடுவில் கண்ணாடி என்று ஒரு சாமான் இருப்பதை அவன் நினைக்கவே இல்லை.

தொட்டி வெடித்தது. தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் வீடெங்கும் பாய்ந்தன. வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து இரத்தம் கொட்டியது. தரையில் துடித்துக்கொண்டிருந்த சண்டியனைக் குதிக்காலால் மிதித்தான். நசுங்கி நிலத்தோடு ஒட்டிய பிறகும் மிதித்தான். அகஸ்ரினா அவனுடைய கையைப் பார்க்கவே இல்லை. வெள்ளைச்சியை இரு கையாலும் அள்ளிக் கிணற்றுத் தண்ணி நிரம்பிய பேசினுக்குள் விட்டாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நேர்ஸ் கேட்டாள், "திருக்கை அடிச்சதோ?"

"இல்லை."

"அப்ப சுறாவோ?"

ரொபின்சன் கூரையைப் பார்த்தான். "ஓம். சுறா."

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அகஸ்ரினா பேசினுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். வெள்ளைச்சி சரிந்து கிடந்தாள். செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. அவனும் பக்கத்தில் குந்தினான். வெகுநேரம் கழித்து வெள்ளைச்சி நிமிர்ந்து, தள்ளாடி ஒரு சுற்று நீந்தினாள்.

அவன் கூவ வாயெடுத்தான். அகஸ்ரினா அவன் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாதேங்கோ. பயந்திடும்."

ஊரையே உலுக்குகிற குரல் பூனைக்குட்டியாய் வந்தது. "நாளைக்கு நானாட்டப் போய் அந்தச் சின்னனுகளை வாங்கியரட்டோ?"

"காயம் ஆறுமட்டும் ஒண்டும் வேண்டாம். பேசினில பாசி பிடிச்சா நீங்களே தேயுங்கோ."

"ஒரு கையாலயோ?"

"அடிக்க ஒரு கை காணுமெண்டா, தேய்க்கவும் காணும்," என்று தேய்க்கிற தேங்காய்த் தும்பை அவனுடைய இடது கையில் வைத்தாள்.