மேட்டுக் கல்லும் ஒரு கோட்டை விதைநெல்லும்

அன்னக்கொடி மதினியைப் பத்திக் கேட்டா, எங்க ஊர்ல பாதிப் பேரு "அது பிடிவாதம் பிடிச்ச பொம்பளை"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருவாங்க. வேலையத்த பயக. அந்தப் பிடிவாதத்தை அது மண்டையில ஏத்தினவன் நான். இந்தக் காளைன்னு ஒருத்தனை விட்டுட்டு அதை மட்டும் பேசுறது நியாயமில்ல.

உசிலம்பட்டிக்குத் தெக்க, மேட்டுல இருக்கு எங்க ஊரு. மழை பெஞ்சா கம்பு, சோளம், பருத்தி. பெய்யலைன்னா மாட்டைப் பத்திக்கிட்டுச் சந்தைக்குப் போக வேண்டியதுதான். இதுல கொடுமை என்னன்னா, பெரியாத்துத் தண்ணி எங்களுக்கு மேற்க இருக்கிற மலையிலேருந்துதான் இறங்குது. எங்களை எட்டிக்கூடப் பார்க்காம வடக்கால சுத்திப் போய்ச் சோழவந்தான் பக்கம் பாயுது. அங்க ரெண்டு போகம் நெல்லு. நெல்லு வந்ததால அரைக்கிற மில்லு வந்துச்சு, மில்லுக்கு வண்டி போகணும்னு ரோடு வந்துச்சு, ரோட்டோரம் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்துச்சு. நாங்க கெடந்த இடத்துலயே கெடந்தோம். எங்க பொண்ணுகளை அங்க கட்டிக் குடுப்போம். அங்கேருந்து ஒருத்தனும் இங்க பொண்ணு குடுக்க மாட்டான்.

ரயில் வர்றதுக்கு ரெண்டு வருசம் முந்தி ஒரு சர்வேயர் மூணு கால் கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. அவருக்கு அளவுக்கட்டை பிடிச்சவன் நான். என் பெரியப்பா மகன் கருத்தக்கண்ணன் காட்டு மூலையில, மேட்டு உச்சியில, அம்புக்குறி வெட்டின கல்லு ஒண்ணை நட்டாங்க. "எதுக்குங்க இது?"ன்னு கேட்டேன். "தண்ணி விசயமா"ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை அவரும் சொல்லல, நானும் கேக்கல. ஆனா சாயங்காலமே ஊரெல்லாம் சொல்லிட்டேன், வாய்க்கா வருதுன்னு.

அந்தக் கருத்தக்கண்ணன் அண்ணனுக்கு அப்ப பொண்ணு தேடிக்கிட்டு இருந்தோம். சோழவந்தான் பக்கத்துல பேயாண்டின்னு ஒருத்தர், மதினியோட அப்பா, தண்ணியில்லாத காட்டுக்குக் குடுக்க மாட்டேன்னு ஒரே பேச்சா நின்னாரு. நான்தான் அவரை வண்டியில கூட்டியாந்து கல்லைக் காட்டினேன். மனுசன் அதைத் தொட்டுத் தடவினாரு. "நான் சின்னப் பயலா இருக்கையில எங்க ஊர்லயும் இப்படித்தான் மாப்ள. மொதல்ல கல்லு வந்துச்சு. பின்னாலயே தண்ணி வந்துச்சு"ன்னாரு. நானாவது வாய்க்கு வந்ததைச் சொன்னவன். அவரு கண்ணால பார்த்தவரு, என்னைவிட அதிகமா நம்பிட்டாரு. அந்தத் தை மாசமே கல்யாணம்.

மதினி வரும்போது சீரோட ஒரு கோட்டை விதைநெல்லும் வந்துச்சு. வைக்கோப்பிரி சுத்தி, மேல சாணி மெழுகி, காத்துப் போகாம கட்டின கோட்டை. அதை வீட்டு மூலையில ஏத்தி வச்சுட்டு மாமியாகிட்ட மதினி சொல்லுச்சு: "இந்த ஊர்ல வெளைஞ்ச நெல்லைத்தான் அத்தை நான் இந்த வீட்ல பொங்குவேன்." கிழவி சிரிச்சுட்டுக் கம்பங்கூழைக் குடுத்துச்சு.

விதைநெல்லு வருசம் தாண்டினா முளைப்புக் கெட்டுப்போகும். அதனால தை பிறந்தா மதினி சோழவந்தான் பக்கம் கூலிக்கு அறுக்கப் போகும். கூலி நெல்லைத் தலையில வச்சு நடந்தே வந்து புதுக் கோட்டை கட்டும். பழசைச் சந்தையில குடுத்துட்டுக் கம்பு வாங்கும். வந்த அன்னைக்கே எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைக் கேக்கும்: "கொழுந்தனாரே, நான் இல்லாதப்ப வாய்க்கா ஆளுக யாரும் வந்தாகளா?"

"வருவாக மதினி"ம்பேன்.

ரயில் வந்துச்சு. எங்க பருத்தி அதுல ஏறி மதுரை மில்லுக்குப் போச்சு. பருத்தி விலை படுத்த வருசம் அண்ணனும் அதே ரயில்ல ஏறிட்டாரு. மில்லுல வேலை, கோச்சடையில குடிசை. ஒரு பொங்கலுக்கு வந்து, "நீயும் கிளம்பு, இங்க என்னத்தைக் கட்டிக்கிட்டு அழுகிற"ன்னு மதினியைக் கூப்பிட்டாரு. "வாய்க்கா வந்தா காட்டைப் பார்க்க ஆளு வேணாமா?"ன்னு மதினி கேட்டுச்சு. அண்ணன் என் மூஞ்சியைப் பார்த்தாரு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி அந்தப் பக்கம் போயிட்டேன்.

பெத்த ஒரு பிள்ளையும் தங்கல. கிழவியும் போயிருச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்ல பேச்சுச் சத்தமே கிடையாது. மதினி ஆட்டுக்குட்டிகிட்டப் பேசுறது மட்டும் என் வீட்டு வரைக்கும் கேக்கும். அண்ணன் வருசத்துக்கு ஒருக்க வந்தாரு. பிறகு அதுவும் நின்னுச்சு. மதுரையில வேற குடும்பம் ஆகிப்போச்சுன்னு சேதி வந்தப்ப மதினி அழுகல. கோட்டையை இறக்கி, பூச்சி விழுந்திருக்கான்னு பார்த்துட்டுத் திரும்ப ஏத்தி வச்சுச்சு.

இப்ப என் அயோக்கியத்தனத்தைச் சொல்லிர்றேன். அந்தச் சேதி வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசியில நல்ல மழை. மாட்டோட அந்தக் கல்லுகிட்ட ஒதுங்கி நின்னேன். தண்ணி கல்லைச் சுத்தி நாலாப் பக்கமும் கீழே கீழே ஓடுது. ஒரு பொட்டுக்கூட நிக்கல. இந்த உச்சிக்கு எவன் வாய்க்கா கொண்டு வருவான்? அப்பவே வெளங்கிருச்சு. சொல்லியிருக்கணும். என்ன மூஞ்சியோட சொல்ல? அடுத்த தையிலயும் மதினி கேட்டுச்சு, நானும் "வருவாக மதினி"ன்னேன்.

அந்த மழைக்கு அஞ்சு வருசம் கழிச்சு வேற ஒரு சர்வேயர் வந்தாரு, சின்ன வயசுக்காரர். மதினி மோர் கொண்டாந்து குடுத்துட்டு, "வாய்க்கா எப்பங்கய்யா வரும்?"னு கேட்டுச்சு. அவருக்கு ஒண்ணும் புரியல. கல்லைக் காட்டினதும், "இது மட்டம் குறிச்ச கல்லும்மா. இந்த மேடு ரொம்ப உசரம், தண்ணி ஏறாதுன்னு அளந்து எழுதியாச்சே"ன்னாரு.

"எப்ப எழுதினாக?"

"கல்லு நட்ட அன்னைக்கே."

மதினி செம்பை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சு.

மறுநாள் காலையில உரல் சத்தம் கேட்டுச்சு. பன்னெண்டு வருசமா கம்பு இடிச்ச உரலுல நெல்லுக் குத்துற சத்தம். வேலிகிட்ட போய்ப் பார்த்தேன், கோட்டையைப் பிரிச்சுப் போட்டிருந்துச்சு. விதைநெல்லு. மதியம், "கொழுந்தனாரே, சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டுச்சு.

இலையில சுடுசோறு. பக்கத்துல இன்னொரு இலை இல்ல.

"நீங்க சாப்பிடலையா மதினி?"

"எனக்கு வேணாம். உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரல. "அஞ்சு வருசமா"ன்னேன்.

இன்னொரு கரண்டி சோத்தை இலையில வச்சுச்சு. குரல்ல கோவமே இல்ல. "அஞ்சு வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் மதுரைக்குப் போயிருப்பேன். அப்ப அவுகளுக்கு அங்க வேற குடும்பம் இல்ல. சாப்பிடுங்க, ஆறிப்போகும்."

சாப்பிட்டேன். ஒரு பருக்கை மீதி வைக்கல.

மதினி எங்கயும் போயிரல. போறதுக்கு எந்த வீடு இருக்கு? இப்பவும் தை பிறந்தா அறுப்புக்குப் போகுது. கூலி நெல்லை அங்கேயே வித்துட்டு வெறுங்கையோட வருது. வேலியோரமாத்தான் வீட்டுக்குள்ள போகுது. நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். யாரும் வந்தாகளான்னு ஒரு தடவை கேட்டுறாதான்னு இருக்கு. கேக்கிறதில்ல.