கேஸ்காரருக்கு மூன்று முறை பெண் கொடுத்தவர்

கேஸ் சிலிண்டர் போடும் தீஸ்னாவுக்கு அன்று காலை மூன்றாவது முறையாகத் தன் மகளை நிக்காஹ் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார் மங் ஓஹான். சிலிண்டரை இறக்கிவிட்டு நிமிர்ந்த ஆளை எதிரே உட்காரும்படி சைகை காட்டினார். அசையாத தன் வலக்கையை இடக்கையால் தூக்கி, தீஸ்னாவின் உள்ளங்கையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“குகுனே... தொழுகை உடுப்பு மஹருக்கு... எம் மக...”

அங்கேயே நின்றுவிட்டது.

“மங், நான் குகுன் இல்ல, கேஸ் தீஸ்னா. எனக்கு இருக்கற ஒரு பொண்டாட்டியே தாங்கல,” என்றார் தீஸ்னா. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த மாதத்தில் மங் ஓஹானுக்கு மாப்பிள்ளை ஆகாத ஆண்பிள்ளை எங்கள் சந்தில் கிடையாது. தோஃபு விற்பவர், கரண்ட் மீட்டர் பார்க்க வருபவர், மசூதியில் பாங்கு சொல்பவர் எல்லோரும் ஆகிவிட்டார்கள். பேரன் எடுத்த எனக்கே இரண்டு முறை ஆயிற்று.

சந்துக்கே அவர் ‘மங்’, அதாவது சித்தப்பா. இருபத்தாறு வருடம் பாண்டுங்–காருத் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கதவில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவி ஆள் ஏற்றிய தொண்டை. போன நோன்புக்கு முந்தின வாரம் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. நாற்பது நாள் கழித்து முதலில் திரும்பி வந்தவை பஸ் நிறுத்தங்கள்தான், அதுவும் வரிசை மாறாமல். தண்ணீர் கேட்க வாயைத் திறப்பார், ‘சிலூஞ்சி’ என்று வரும்.

அவர் மனைவி பீபி கொகோம் அதை ஒரே வாரத்தில் பாடம் பண்ணிக்கொண்டார். சிலூஞ்சி என்றால் தண்ணீர். நாக்ரெக் என்றால் முதுகு அரிக்கிறது. லெலஸ் என்றால் கழிப்பறை. இரண்டு தரம் சொன்னால் ஓட வேண்டும்.

“கட்டிக்கிட்டு முப்பது வருஷம் ஆச்சு, ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனதில்ல இந்த மனுஷன்,” என்பார். “இப்ப உக்காந்த எடத்துலயே தெனமும் காருத் வரைக்கும் போயிட்டு வர்றேன்.”

விடியுமுன் எழுந்து அவருக்குத் தைலம் தேய்ப்பார், குளிப்பாட்டுவார். சட்டை போடும்போது முதலில் முடங்கிய கை, பிறகு நல்ல கை. எச்சில் ஒழுகும் வாயோரத்துக்காகத் தேய்த்து மடித்த கைக்குட்டை ஒன்றை நெஞ்சில் ஊக்கு போட்டுக் குத்திவிடுவார். தன் இடுப்புவலியைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொல்லைக்குப் போய்க் கோழிகளிடம்தான் புலம்புவார். அது சந்து முழுக்கக் கேட்கும்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்தது. சோறு வந்தது, வலி வந்தது, வசவுகள் எல்லாம் வந்தன. மகளின் பெயர் மட்டும் வரவில்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளை ‘நெங்’ என்றுதான் கூப்பிடுவோம். பிறந்த நாளிலிருந்து அவருக்கும் அவள் நெங்தான். ரிஸ்னா நூர்ஹயாத்தி என்று அவர் வாய் ஒருநாளும் சொல்லிப் பழகியதில்லை. நிக்காஹில் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, அவன் பெண்ணுக்குத் தரும் மஹரைச் சொல்லி, இன்னாரைத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். நெங் என்றால் செல்லாது.

“வரப்போற மருமகன் பேரு வழுக்கிக்கிட்டு வருது, பெத்த மக பேரு வரல,” என்று பீபி கொகோம் அதைக் கோழிகளிடம் சொல்லிக் கோபப்பட்டார்.

நிக்காஹ் பதிவாளர் ஒருநாள் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர்.

“மங், நீங்க ஒரு தலையாட்டு ஆட்டினாப் போதும். உங்களுக்குப் பதிலா நான் சொல்லிடறேன். எத்தனையோ அப்பாக்களுக்குச் சொல்லியிருக்கேன்.”

மங் ஓஹான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மகள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

“யார் சொன்னா என்னப்பா? நான் உங்க மகதான். வாயைத் தெறங்க.”

“நான்... குடுக்கணும்,” என்றார்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? மறுநாள் காலை தோஃபுக்காரர் முதல் மாப்பிள்ளை ஆனார்.

கல்யாணத்தன்று மங் ஓஹான் நெஞ்சில் குத்தியிருந்த கைக்குட்டைகூட பாத்திக் துணி. அவர் நாற்காலியில் இருந்ததால் மாப்பிள்ளை குகுனுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மங் ஓஹான் வலக்கையைத் தூக்கிக் குகுனின் கையில் வைத்தார்.

“குகுனே, தொழுகை உடுப்பு மஹருக்கு, எம் மக...” நின்றார். உதடு கோணிற்று. “நெங்.”

“எந்த நெங், மங்?” பதிவாளர் தணிந்த குரலில் கேட்டார். “இங்க பதினஞ்சு நெங் உக்காந்திருக்கு.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மறுபடியும் நெங். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது. பீபி கொகோம் பெண்கள் பக்கத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பதிவாளர் அவர் காதருகே குனிந்தார். “பேரு வரலைன்னா விடுங்க மங். பொண்ணு யாருன்னு சந்தேகமில்லாமக் காட்டினாலும் செல்லும். முடியலைன்னா சொல்லுங்க, நான் சொல்லிடறேன்.”

மணப்பெண் நாலு பாய் தள்ளி அத்தைமார் நடுவே இருந்தாள். மங் ஓஹானுக்கு இடக்கை நன்றாக இருந்தது. அதை நீட்டினால் வேலை முடிந்தது. ஆனால் எங்களில் இடக்கையால் நாயைக்கூடக் காட்டமாட்டோம். மரியாதையாக ஒருவரைக் காட்டுவதென்றால் வலக்கைக் கட்டைவிரல்தான்.

மங் ஓஹான் குகுனின் பிடியிலிருந்து தன் வலக்கையை எடுத்தார். மணிக்கட்டுக்கு அடியில் இடக்கையைக் கொடுத்து, தூக்கி, மகள் பக்கமாகத் திருப்பினார்.

“இவள... இவள உனக்குக் குடுக்கறேன்,” என்றார்.

விரல்கள் இறுகி வெறும் முஷ்டியாக இருந்தது அந்தக் கை. பீபி கொகோம் எழுந்தார். ஆண்கள் நடுவே நடந்து வந்தார். முஷ்டிக்குள் மடங்கிக் கிடந்த கட்டைவிரலை மெதுவாக வெளியே எடுத்து, மகளை நோக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டார்.