மந்தாரக்குப்பத்தில் ஏற்கெனவே சுரண்டிய லேபிள்கள்

போலிச் சரக்கு தேடி ஊர் ஊராக அலைவது என் பிழைப்பு. 2014 சித்திரையில் மந்தாரக்குப்பம் போனது ஒரு ஷூ கடைக்காக. எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு ஷூ பெட்டியில் ஒரு லேபிள் இருக்கும். சுரண்டி, உள்ளிருக்கும் எண்ணை எஸ்எம்எஸ் அனுப்பினால் ‘அசல்’ என்று பதில் வரும். அதே எண் மறுபடி வந்தால் ‘போலியாக இருக்கலாம்’. இந்தக் கடையில் வாங்கியவர்களுக்கெல்லாம் இரண்டாவது பதில்தான். போலி என்று தெரிந்தால் கடையின் ஏஜென்சியை ரத்து செய்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள் அலுவலகத்தில்.

கோயம்பேட்டில் காலை ஆறு மணி பஸ். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், டிக்கெட் நூற்று முப்பது. பண்ருட்டி வருவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது. பேரம் பேசத் தெம்பில்லை.

“காஜா பாய் கடைங்களா? டூப்ளிகேட் விக்கிறாருன்னு பேசிக்கினு இருக்காங்க சார்” என்றார் ஓட்டுநர்.

கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் பாய். தையல், அடிப்பாகம், பில் எல்லாம் பார்த்தேன். அத்தனையும் எங்கள் சரக்கு. புதுப்பெட்டி ஒன்றைத் திறந்தால் லேபிள் ஏற்கெனவே சுரண்டியிருந்தது. அடுத்ததும் அப்படியே.

“நாந்தாங்க சுரண்டினேன்” என்றார், பெருமையாகவே. “சுரங்கத்துல ஷிஃப்ட் முடிஞ்சி கையெல்லாம் மண்ணோட வர்றாங்க. அவங்களுக்கு எதுக்குங்க சிரமம்? சரக்கு வந்ததும் ஒண்ணொண்ணா நானே அனுப்பிப் பாத்து வெச்சிடுவேன்.”

முதலில் சிரிப்பு வந்தது. விளக்கிச் சொன்னதும் அவர் முகம் போன போக்கில் அது அடங்கிவிட்டது.

“அப்ப, அசல்தானான்னு நான் பாத்ததாலதான் போலியாச்சிங்களா?”

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஏஜென்சி தப்பியது. ஆனால் சுரண்டிய பெட்டிகளைக் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும், மாற்றுச் சரக்கு பிறகு வரும் என்றார் மேலாளர். காத்திருந்த ஆட்டோவில் ஏற்றத் தொடங்கினோம். எதிர் டீக்கடையில் கூட்டம் எழுந்து நின்று பார்த்தது.

“நெசமாவே டூப்ளிகேட்தானா சார்? புடிச்சிக்கினு போறீங்களே” என்றார் ஓட்டுநர்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சீ என்றாகிவிட்டது. பெட்டிகளை இறக்கச் சொன்னேன். மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குப் பழக்கம் உண்டு. அந்த மனிதர் நாளையும் அந்தத் தெருவில் கடை திறக்க வேண்டும்.

இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கிளம்பும் முன்பே ஒவ்வொரு எண்ணும் முதலில் எந்த போனிலிருந்து வந்தது என்று பார்த்துவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம். புதுச் சரக்கு இறங்காமல் பழையதைத் தெருவில் ஏற்றாதீர்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது.

ஆட்டோ வரை வந்து வழியனுப்பினார் பாய். “புதுசு வந்தா நான் கையே வெக்க மாட்டேங்க சார்” என்றார், திருடிப் பிடிபட்டவர் போல.