மாஸ்டர் கூச்சப்படாத விஷயம்

“குழந்தைங்க இல்லைங்க. எனக்கு உயிரணு எண்ணிக்கை ரொம்பக் கம்மி. ம், மூணாவது கியர் போடுங்க.”

வண்டி ஓட்டப் பழக வருகிறவர்கள் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். பயம் கொஞ்சம் தெளிந்து, சாலையைத் தவிர வேறு எதையாவது பேசலாம் என்று தோன்றும் நாள் அது. “உங்களுக்கு எத்தனை பசங்க மாஸ்டர்?” பதில் மேலே சொன்னதுதான். கேட்டவருக்குக் கால் நழுவி வண்டி குலுங்கும். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மெல்ல அழுத்தி, “கேள்வி கேக்கலாம், கிளட்ச விடக்கூடாது” என்பார்.

நானும் அப்படித்தான் கேட்டேன். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவள், பிடித்ததை மறந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“என்னைப் பாக்காதீங்க மேடம். நான் எங்கயும் போயிட மாட்டேன். முன்னாடி லாரி போகுது, அதப் பாருங்க.”

மாஸ்டருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி. கதவை ஒருமுறை சாத்தினால் நம்ப மாட்டார். திறந்து மறுபடி சாத்துவார். சாலையில் போகிற எல்லோரும் அவருக்கு உறவுக்காரர்கள். இடித்துக்கொண்டு முந்துகிற காரைப் பார்த்து, “வாங்க மச்சான், உங்களுக்குத்தான் அவசரம்” என்று கையைக் காட்டி வழிவிடுவார். வளைந்து வளைந்து போகும் பைக்குகள் எல்லாம் மருமகன்கள். பேருந்து மட்டும் பெரியப்பா. “பெரியப்பா திரும்பறப்ப நாம பேசக்கூடாது, ஒதுங்கிடணும்.”

மதியம் ஒரு மணிக்கு வகுப்பு கிடையாது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் மனைவி வேலை பார்க்கிறார். வண்டியைக் கடைவாசலில் நிறுத்தி, இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் நான் தாமதமாக வந்து அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?” என்று கேட்டார். “சொல்லிட்டார்” என்றேன். “இந்த வாயத் திறக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப மூடவே மாட்டேங்குது.”

அந்தப் பாடு என்னவென்று மாஸ்டரே துண்டு துண்டாகச் சொன்னார், சிக்னலுக்குச் சிக்னல்.

கல்யாணமாகி முதல் ஏழு வருஷம், போகாத மருத்துவமனை இல்லை. போனது மனைவி, இவர் துணை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக் காயமே ஆக்கிக்கொண்டு வெளியே வந்தார். இவர் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “துணைக்குப் போனேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன் மேடம். வேடிக்கை பாக்கப் போயிருக்கேன்.”

ஒவ்வொரு மருத்துவரும் இவருக்கும் ஒரு பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டு வண்டி டாஷ்போர்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். “எனக்கென்ன, ஆள் நல்லாத்தானே இருக்கேன்னு ஒரு திமிரு. திமிருன்னு இப்பச் சொல்றேன். அப்ப அது பயம்.” ஒருநாள் மனைவி முகம் துடைக்க ஏதோ தேடப்போய், நான்கு சீட்டுகளும் சேர்ந்து கையில் வந்துவிட்டன. அவர் கத்தவில்லை. நான்கையும் கணவரின் மடியில் வரிசையாக வைத்து, “இதுல எந்தச் சீட்டுக்குப் போகப்போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையே போனார். ஒரு சின்னக் குப்பி, பூட்டிய அறை, பத்து நிமிஷம். ஊசிகூடக் கிடையாது. “அவ ஏழு வருஷம் பட்டதுக்கு முன்னாடி இது ஒரு பரிசோதனையா? வெளிய வந்து அவ மூஞ்சியப் பாக்க முடியல.”

முடிவு வந்தது. சிகிச்சை இரண்டு வருஷம் நடந்தது. இரண்டுமுறை நம்பிக்கை வந்து, இரண்டுமுறையும் போய்விட்டது. அப்புறம் இருவரும் பேசி, போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஊசி தேதியெல்லாம் குறித்துவைத்திருந்த காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்த மறுநாள், காலை பத்து மணிவரை தூங்கினார்களாம்.

ஆனால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மருமகள்தான் காரணம் என்று அவர் அம்மா முடிவே கட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “இன்னொரு டாக்டர் இருக்காராம்டா, இவளக் கூட்டிட்டுப் போ” என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

“அம்மா, அவகிட்ட ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்.”

அம்மா எழுந்து உள்ளே போனார். நான்கு நாள் மகனோடு பேச்சில்லை. ஐந்தாம் நாள் போனை எடுத்துவைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக யார் யாரிடமெல்லாம் மருமகளைப் பற்றிப் புலம்பினாரோ, ஒருவர் விடாமல் கூப்பிட ஆரம்பித்தார். “நான் சொன்னது தப்பு. எம் மருமக மேல ஒரு குத்தமும் இல்ல. எம் பையனுக்குத்தான். நீ வேற யார்கிட்டயாவது சொல்லியிருந்தா, அவங்களுக்கும் சொல்லிடு.”

“எங்கம்மா ஊர் முழுக்க ஒலிபரப்பிட்டாங்க மேடம்! எங்க சித்தப்பா, ஒண்ணுவிட்ட அத்தை, பால்காரர் வரைக்கும். ஒரு வாரம் வெளிய தல காட்ட முடியல. அப்புறம் பாத்தா, உடம்பு லேசா இருக்கு. மறைக்க எங்கிட்ட ஒண்ணுமே மிச்சமில்ல.” கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னார்: “அடுத்த ஞாயித்துக்கிழமதான், எங்கம்மா வீட்ல அவ ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஒம்பது வருஷத்துல முத தடவ.”

என் வகுப்பில் பின்சீட்டுக்காரர் ஒருவர் உண்டு. லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் ஓட்டும்போது அவர் பின்னால் காத்திருப்பார், பிறகு இடம் மாறுவோம். மாஸ்டர் பதிலை அவரும் கேட்டிருக்கிறார். கேட்ட அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருநாள் நடுவழியில் அவருக்கு அக்காவிடமிருந்து போன். “சரிக்கா… வேற ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அவளக் கூட்டிட்டுப் போறேன். அழறாதான், என்ன பண்றது.”

“மேடம், வண்டிய ஓரமா நிறுத்துங்க” என்றார் மாஸ்டர். நிறுத்தினேன், எனக்கே ஆச்சரியமாக, குலுக்கல் இல்லாமல். அவர் பின்னால் திரும்பினார்.

“நீ போனியா?”

“எங்க மாஸ்டர்?”

“உனக்கு டெஸ்ட் எடுத்தியா?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். “மாஸ்டர், மேடம் இருக்காங்க…”

“இருக்கட்டும். நம்ம கூச்சம்தான் பொண்டாட்டிங்க தலையில விடியுது. கொழந்த இல்லாத பாதி ஜோடிங்கள்ல ஆம்பளைகிட்டயும் ஏதாவது இருக்கும்னு எனக்கு டாக்டரே சொன்னாரு. உனக்கு இருக்குன்னு நான் சொல்லல. தெரிஞ்சுக்கோன்னு சொல்றேன். முதல்ல எடுக்க வேண்டிய சுலபமான டெஸ்டு அதுதான்.”

“இருந்துட்டா?”

அந்த ஒரு சொல்லில் மனுஷனின் குரல் உடைந்துவிட்டது. நான் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இருந்தா இருக்கு. வைத்தியம் பாப்ப. கொழந்த வரும், வராமயும் போகும், அத யாரும் இப்பச் சொல்ல முடியாது. ஆனா தனியா அழறது இருக்கே, அது அன்னியோட நின்னுடும். வேணும்னா நான் கூட வர்றேன்.”

வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. மாஸ்டர் ஒரு பரிசோதனைக் கூடத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் மெக்கானிக் பின்சீட்டில் ஏறியபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. முகச்சவரம் செய்திருந்தார். எண்ணிக்கை குறைவுதானாம். விதைப்பைப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதாம். சின்ன ஆபரேஷன் பண்ணலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, ரிப்போர்ட் கவரை முன்னால் நீட்டினார். “நீங்களே பாருங்க மாஸ்டர்.”

மாஸ்டர் வாங்கிக்கொண்டார், திறக்கவில்லை.

“வீட்ல காட்டிட்டியா?”

“ரெண்டு பேரும் சேந்துதான் பிரிச்சோம். அவ ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் என்ன நெனச்சாளோ, சிரிச்சிட்டா.”

மாஸ்டர் கவரை மூன்றாக மடித்தார். டாஷ்போர்டைத் தொடாமல், முன்சீட்டுகளுக்கு நடுவே எட்டி, அதை மெக்கானிக்கின் சட்டைப்பையில் செருகி, பட்டனையும் போட்டுவிட்டார்.