மத்தியான ஷிப்ட்

என் மனைவி தலைமையாசிரியை ஆனதில் முதல் நஷ்டம் எனக்குத்தான். பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே நோட்டு, பென்சில் விற்கும் கடை என்னுடையது. பதவியேற்ற அன்றே காலைக் கூட்டத்தில், "எதிர்க்கடைலதான் வாங்கணும்னு யாருக்கும் கட்டாயமில்ல" என்று அறிவித்துவிட்டாள். அங்கே வாங்கவே கூடாது போலிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார்கள்.

"நியாயம் பேச ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?" என்று கேட்டேன்.

"வேற யார சொன்னாலும் கோவிச்சுக்குவாங்க" என்றாள்.

அந்த நாற்காலி தனக்குத்தான் வரும் என்று இருந்தவர் கணக்கு வாத்தியார். வயதில் அவளுக்கு இளையவர் என்றாலும் சர்வீஸில் மூத்தவர், கெட்டிக்காரர், கொஞ்சம் முசுடு. அவளை எதிரில் கண்டால் வணக்கத்தைச் சுவருக்குச் சொல்லிவிட்டுப் போவார். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு அந்த மழை வந்தது. ஒரு விடுமுறை நாளில் பின்கட்டிடத்தின் கூரைக் காரை பொத்தென்று விழுந்தது. பிள்ளைகள் இல்லாத நேரம், தப்பித்தோம். பொறியாளர்கள் வந்து பார்த்து, பின்கட்டிடம் முழுவதையும் பூட்டிவிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லை. காலையில் ஒரு பாதி, மத்தியானம் ஒரு பாதி என்று ஷிப்ட் வைப்பதைத் தவிர வழியில்லை.

ஆசிரியர்களைக் கூட்டினாள். அங்கே நடந்ததை அவளும் சொல்லியிருக்கிறாள், கணக்கு வாத்தியாரும் பின்னாளில் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்கு வர ஒருவரும் தயாராக இல்லை. ஒருவருக்கு முட்டி வலி, இன்னொருவருக்குக் கைக்குழந்தை, அறிவியல் டீச்சருக்கு வெயில் ஆகாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மத்தியானத்துக்கு ஒரு ஆள் கெடச்சாச்சு" என்றாளாம்.

"யாரு மேடம்?"

"நான்தான். பாடமும் எடுக்கறேன்."

பிறகு ஓவிய ஆசிரியர்தான், "அப்ப காலைல ஸ்கூல யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கணக்கு வாத்தியார் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடாமல், "ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்கணுமா?" என்றார்.

"கேட்டா என் யோசனைய சொல்றேன். கேக்கலேன்னா நீங்க சொல்றதுதான் முடிவு சார்."

கூட்டம் முடிந்ததும், "மத்தியானம் ஓவியம் யாரு எடுக்கறது, நீங்களா? யானைக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாம போயிடும்" என்று சொல்லி ஓவிய ஆசிரியரும் மத்தியானத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். அறிவியல் டீச்சர் குடையோடு வந்தார்.

சாவி கைக்கு வந்த வாரமே கணக்கு வாத்தியார் ஒரு காரியம் செய்தார். தாமதமாக வந்த பிள்ளைகளையெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெற்றோர்கள் மத்தியானம் திரண்டு வந்து இவளிடம் முறையிட்டார்கள். "காலைல நடந்தத காலைல வந்து சார்கிட்டயே பேசுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் முகம் சரியில்லை. "அவர் செஞ்சது தப்புதாங்க. சின்னப் பிள்ளைங்க, ரோட்டுல எதாவது ஆனா?" என்றாள்.

"அப்ப நீயே மாத்திருக்கலாமே?"

"அத்தன பேர் முன்னாடி நான் மாத்தினா, அப்புறம் அந்தச் சாவி வெறும் இரும்பு. அவர்கிட்ட தனியா சொல்லிட்டேன். பாக்கலாம்."

அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் எதுவும் மாறவில்லை. அதற்கடுத்த நாள் நான் கடையிலிருந்து பார்க்கிறேன், கணக்கு வாத்தியாரே கேட்டைத் திறந்துவிட்டு, தாமதமாக வந்தவர்களை உள்ளே வரிசையில் நிறுத்தி, "நாளைக்காவது சூரியனுக்கு முன்னாடி எழுந்திரிங்கடா" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் வணக்கம் சொன்னபோது சுவருக்கு வேலை இருக்கவில்லை.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துக் கதை. எனக்கு அந்த நாட்கள் நினைவில் நிற்பது வேறொரு காரணத்தால்.

கல்யாணமான நாள்முதல் அவள் காலையில் ஓடிக்கொண்டேதான் இருந்தாள். வாயில் ஹேர்பின்னும் கையில் தோசைக் கரண்டியுமாகத்தான் அவளை எனக்குத் தெரியும். ஷிப்ட் வந்ததும் எல்லாம் மாறியது. பிள்ளைகள் உள்ளே போனதும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பாதிக் கதவைச் சாத்திவிட்டு, கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டுக்கு நான் வந்துவிடுவேன். சமையலறை ஜன்னல் வழியாக வெயில் அடுப்பு மேடைவரை வரும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவாள். நான் செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பேன். "படிக்கிறீங்களா, பாதிய முழுங்கறீங்களா?" என்று டீச்சர் குரலில் கேட்பாள். சில நாள் பேசிக்கொண்டே இருக்கும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். கை மரத்துப்போனாலும் நான் அசைய மாட்டேன். பிறகு அவசரமாக எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு தலைமையாசிரியையாகக் கிளம்பிப் போவாள்.

இரண்டு வருஷத்தில் புதுக் கட்டிடம் எழும்பியது. ஊரே சந்தோஷப்பட்டது, நாங்களும்தான். திறப்புவிழா முடிந்து வந்தவள் துணி மடித்துக்கொண்டே, "நாளைலேருந்து பழையபடி சீக்கிரம் போகணுங்க" என்றாள்.

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான்" என்றாள். மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தாள்.

அவள் ஓய்வுபெற்றபோது கணக்கு வாத்தியார் அந்த நாற்காலிக்கு வந்தார். விழாவுக்கெல்லாம் கூப்பிடுவார். இவள் போக மாட்டாள். "பழைய ஆள் போய் நின்னா, எல்லாரும் அவர விட்டுட்டு என் மூஞ்சியத்தான் பாப்பாங்க" என்பாள். ஆனால் பள்ளிக்கூட மணி ஒரு நிமிஷம் தாமதமாக அடித்தால் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள்.

இப்போது காலைப்பொழுது முழுக்க எங்களுடையதுதான். பேச நிறைய நேரமிருக்கிறது. ஆனாலும் போன வாரம் காய் நறுக்கும்போது அவளே கேட்டாள்: "அந்த ரெண்டு வருஷம் நாம அப்படி என்னங்க பேசினோம்?"

எனக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "வெண்டைக்காய் வெல பத்திதான் இருக்கும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே முக்காலியை வெயில் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.