ஏழாவது ரேகை

இது நடந்தது. இட்டுக்கட்டுவதாக இருந்தால் பேயை வெள்ளைச் சேலையில், மல்லிகைப்பூ வாசனையோடு, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வரவழைத்திருக்கலாம். இதுவோ சனிக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு வந்தது. அதுவும் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகச் சேர. இப்படியொன்றை மெனக்கெட்டு யார் கற்பனை செய்வார்கள்?

1938, ஆடி மாதம். மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகும் சாலையில் ஒரு மர மில். அங்கே அறுத்த பலகைகளுக்கு அளவு எழுதுகிறவன் ஆதித்தன். மூன்று மாதமாக ஒவ்வொருவனாகப் பிடித்துச் சங்கம் பேசினான். மேஸ்திரி எவனையாவது அடித்தால், வேலையை விட்டு நிறுத்தினால், முதலாளியின் அறைக்குள் போய் நியாயம் கேட்பவனும் அவன்தான். இந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஏச்சு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் கிடைக்கும்.

சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் ஒப்பமிட்ட மனு வேண்டும். சட்டம் அப்படி. திங்கட்கிழமையோ, ‘எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன்’ என்று முதலாளி எல்லோரிடமும் ரேகை வாங்கப்போகிறார். வைக்காதவன் வீட்டுக்குப் போகலாம். அதற்குள் மனு தபாலில் ஏறிவிட்டால் பிழைத்தோம் என்று ஆதித்தன் நம்பினான். தென்காசியில் மாலை ஐந்து மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மில் நின்றதும் பலகைக் கொட்டடிக்குள் ஆறு பேர் கூடினார்கள். ஏழாமவன் சங்கரபாண்டி வரவில்லை. வார்த்தை கொடுத்திருந்தான். மனுவின் ஏழாவது வரியில் அவன் பெயரை எழுதியும் வைத்தாயிற்று. காலையிலேயே வீரகேரளம்புதூருக்கு, மச்சான் வீட்டுக்குப் போய்விட்டானாம். பயத்துக்கு அன்றைக்கு மச்சான் என்று பெயர்.

மணி 2.40. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. டங்!

“உள்ளயே கிடங்கலே! அந்தக் காயிதத்தக் கதவுக்கு அடியில தள்ளுனாத்தான் திறப்பேன்!” மேஸ்திரி ஞானசம்பந்தத்தின் குரல்.

கொட்டடிக்கு ஜன்னல் இல்லை; வெளிச்சத்துக்கு ஒரு அரிக்கேன் விளக்குதான். கூரைவரை தேக்குப் பலகை. தகரத்தின் மேல் ஓயாத சாரல். ஆறு பேர் மூச்சுவிட்டதில் காற்று புழுங்கியது. பின்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை. கை நுழையும், ஆள் நுழைய முடியாது. சோறு கொண்டுவந்த ஆதித்தனின் மனைவி வள்ளித்தாய், வெளியே அந்த ஓட்டையை உடம்பால் அடைத்து மறைத்தபடி நனைந்துகொண்டு நின்றாள்.

“ஏழும் ஆச்சா? குடுங்க, நான் ஓடிப்போய்ப் போட்டுட்டு வாரேன்.”

“ஆறுதாம்ளா தேறும்,” என்றான் ஆதித்தன்.

“என் கால் கட்டைவிரல் சும்மாத்தான் இருக்கு அண்ணாச்சி,” என்றான் சுடலைமாடன். “அதையும் சேத்துக்கிடுங்க. அதுவும் இந்த மில்லுலதான வேலை பாக்கு.”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆதித்தன் சிரிக்கவில்லை.

“மொத காயிதத்துலயே பொய்யாலே? இருக்குத ரேகைய வைப்போம். பொறவு பாப்போம்.”

ஆதித்தன் கையெழுத்துப் போட்டான். மற்ற ஐவருக்கும் இடது பெருவிரல். ஒவ்வொரு கையாக அவனே பிடித்து, விரலை மையில் உருட்டித் தாளில் உருட்டினான். முகம்மது மீரான், சுடலைமாடன், இன்னொருவன்… மூன்று ரேகை ஆயிற்று.

3.10. விளக்கு அணைந்தது.

மீரான் தீக்குச்சியைக் கிழித்தான். நமுத்திருந்தது. இன்னொன்று. அதுவும்தான்.

“நேரம் போகுது. இருட்டுலயே வைங்க,” என்றான் ஆதித்தன்.

நாலாவது கை வந்தது. அடுத்த வரியைத் தடவிப் பார்த்து உருட்டினான்.

ஐந்தாவது கை. உருட்டினான்.

அவ்வளவுதான். இனி ஆள் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டுக்… டுக்… டுக்…

எண்ணெய் எஞ்சின். இந்த மில்லில் இருப்பதோ நீராவி எஞ்சின். அதுவும் ஒரு மணிக்கே நின்றுவிட்டது.

“யாருலே அது?”



டுக்… டுக்… கொட்டடிக்கு உள்ளே. பக்கத்தில்.

ஆதித்தனின் உள்ளங்கையில் ஒரு கை வந்து அமர்ந்தது.

இடது கை. சில்லென்று இருந்தது. விரலெல்லாம் தூள். மரத்தூள் இல்லை… தவிட்டு வாசனை.

“சுடலை, விளையாடாதலே.”

“நான் இங்கன கதவுகிட்ட நிக்கேன் அண்ணாச்சி.”

அந்தக் கை போகவில்லை. பெருவிரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

மையில் உருட்டினான். தாளில் உருட்டினான். அவன் பிடி இறுகியது.

ஆதித்தனின் விரல்கள் அந்தக் கையைத் தடவி மெல்ல மேலே நகர்ந்தன…

மணிக்கட்டு இருந்தது.

அதற்கு மேலே…

ஒன்றும் இல்லை.

சத்தம் நின்றது. மீரானின் குச்சி பற்றிக்கொண்டது. மணி 3.20.

ஏழாவது வரியில், சங்கரபாண்டியின் பெயருக்கு நேரே, ஈரமான ஒரு ரேகை.

ஐந்து பேரும் கைகளை நீட்டினார்கள். ஆளுக்கு ஒரு விரலில்தான் மை. சுடலைமாடன் கேட்காமலே காலையும் தூக்கிக் காட்டினான். காலில் சேறு இருந்தது. மை இல்லை.

கிழித்துப் போட்டால் திங்கட்கிழமை ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆதித்தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அனுப்பும் வே,” என்றான் மீரான். “அது இந்த அறைய விட்டுப் போகட்டும்.”

ஓட்டை வழியாகத் தாள் போயிற்று. வள்ளித்தாய் ஓடினாள்.

ஐந்தரைக்கு மேஸ்திரி கதவைத் திறந்து, காயிதம் எங்கே என்று கேட்டார். தபாலில் என்றார்கள். திங்கட்கிழமை முதலாளியின் தாளில் ஆறு பேருமே ரேகை வைக்கவில்லை. பயப்படுவதற்கு அவர்களிடம் மிச்சம் எதுவும் இல்லை. மனு போய்விட்டது என்று தெரிந்ததும் முதலாளி தாளைச் சுருட்டிக்கொண்டார்.

அன்று மாலைதான் சேதி வந்தது. வீரகேரளம்புதூரில் மச்சானின் நெல் மில்லில், எஞ்சின் பெல்ட் சங்கரபாண்டியின் இடது கையை இழுத்து மணிக்கட்டோடு பிய்த்துவிட்டது. சனிக்கிழமை, மூன்று பத்துக்கு. எஞ்சினை நிறுத்தவே பத்து நிமிஷம் ஆயிற்றாம். தவிட்டையெல்லாம் சலித்துப் பார்த்தும் கை கிடைக்கவில்லை.

ஆதித்தன் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனான். கொட்டடியில் நடந்ததை ஆறு பேரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவன் கட்டில் ஓரத்தில் நின்றான்.

சங்கரபாண்டி கண்ணைத் திறந்தான். கட்டுப்போட்ட மொட்டைக் கையைப் பார்த்தான். பிறகு ஆதித்தனைப் பார்த்தான்.

“ரொம்ப இறுக்கிப் பிடிச்சிட்டிய அண்ணாச்சி,” என்றான். “இன்னும் வலிக்கு.”